சவானாவுக்குப் போகும் என் தங்கை மகளுக்கு

தங்கம்,

அட்லாண்டாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். கிடைக்கிற முதல் நீண்ட விடுமுறையில் சவானாவுக்குப் போக வேண்டும், அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று எழுதுங்கள் பெரியம்மா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஊரில்தான் நான் வேலை பார்த்தேன், பிள்ளைகளை வளர்த்தேன், வந்த விருந்தாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். எந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை உன் கைப்பேசியே சொல்லிவிடும். அங்கே எப்படி நடந்துகொள்வது, அழகான ஒன்றின் முன்னால் நிற்கும்போது யாரை நினைத்துக்கொள்வது என்பதை வயதானவர்கள்தான் சொல்ல வேண்டும். அதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு நட. சவானா காலால் நடந்து பார்க்க வேண்டிய ஊர். 1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகிள்தார்ப் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளைக் கூட்டிவந்து, ஆற்றங்கரை மேட்டின்மேல் இந்த ஊரை வகுத்தார். நடுவே ஒரு சதுக்கம், அதைச் சுற்றி வீடுகளும் பொதுக் கட்டடங்களும், சற்றுத் தள்ளி அடுத்த சதுக்கம் என்று ஊர் வளர்ந்துகொண்டே போனது. மொத்தம் 24 சதுக்கங்கள். அவற்றில் 22 இன்றும் இருக்கின்றன. நகரமன்றத்தின் வாசலில் தொடங்கும் புல் ஸ்ட்ரீட்டில் தெற்கு நோக்கி நடந்தால், ஐந்து சதுக்கங்களைக் கடந்து ஃபோர்சைத் பூங்காவுக்கு வந்துவிடுவாய். 1858இல் வைத்த வெள்ளை நீரூற்று அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு சதுக்கத்திலும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார். தலைக்குமேல் லைவ் ஓக் மரங்களின் கிளைகள் படர்ந்திருக்கும். அவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் ஸ்பானிஷ் மாஸ் தொங்கும். பெயரைக் கேட்டுப் பாசி என்று நினைத்துவிடாதே. அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தின் சாற்றை உறிஞ்சாது, காற்றின் ஈரத்திலும் மழையிலும் வாழ்ந்துகொள்ளும். கிளையின் மேற்புறத்தை உற்றுப் பார். சின்னஞ்சிறு பெரணிச் செடி ஒன்று அடர்ந்திருக்கும். மழையில்லாத நாட்களில் பழுப்பேறிச் சுருண்டு, செத்துவிட்டது என்றே நினைக்கும்படி கிடக்கும். ஒரு மழை பெய்தால் சில மணி நேரத்தில் பச்சையாக விரிந்துவிடும். மழை வந்துவிட்டதே என்று அறைக்குள் அடைந்துகொள்ளாதே. மழை விட்டதும் கிளம்பிப் போய் அந்தக் கிளையைப் பார்.

2. முதல் வணக்கத்தை இடம் கொடுத்தவருக்கு வை. ஊரை வகுத்தவர் ஓகிள்தார்ப்தான். ஆனால் அந்த மேட்டில் ஏற்கெனவே யாமக்ரா மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தலைவர் டோமோசிசி. வந்தவர்களை விரட்டாமல் பேச்சுவார்த்தை நடத்தி, அவர்கள் தங்குவதற்கு வழிசெய்தவர். இரு தரப்புக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொன்னவர் மேரி மஸ்குரோவ் என்ற பெண். தாய் கிரீக் இனம், தந்தை ஆங்கிலேயர். 1734இல் டோமோசிசி கடல் தாண்டி லண்டனுக்கே போய்வந்தார். 1739இல் அவர் இறந்தபோது ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதுதான் இன்றைய ரைட் சதுக்கம்.

இப்போது அங்கே போனால் நடுவில் உயர்ந்து நிற்பது ஒரு ரயில்பாதை நிறுவனத் தலைவரின் நினைவுச்சின்னம். 1883இல், டோமோசிசியின் அடக்க இடம் என்று சொல்லப்பட்ட அதே இடத்தில் அதைக் கட்டினார்கள். அந்தத் தலைவரின் மருமகளுக்கு இது பொறுக்கவில்லை. அவரும் அவரைச் சேர்ந்த பெண்களும் 1899இல் ஒரு பெரிய கருங்கல் பாறையைக் கொண்டுவந்து, சதுக்கத்தின் ஓரத்தில் டோமோசிசியின் பெயரால் நிறுத்தினார்கள். சின்னத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களே அதிகம். நீ அந்தப் பாறைக்கு அருகே போய் நில். எந்த ஊருக்குப் போனாலும், இந்த மண்ணில் முன்னால் யார் இருந்தார்கள் என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்.

3. ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும்போது நல்ல செருப்புப் போட்டுக்கொள். படிகள் செங்குத்து. கீழே பாவியிருக்கும் கற்கள் மேடும் பள்ளமுமானவை. சரக்கு ஏற்ற வந்த கப்பல்கள் காலியாக வரும்போது பாரத்துக்காக அடித்தட்டில் போட்டுக்கொண்டு வந்த கற்கள் அவை. இங்கே அவற்றை இறக்கிவிட்டுப் பருத்தியை ஏற்றிக்கொண்டு போனார்கள். இறக்கிய கல்லே தெருவாகவும் தாங்குசுவராகவும் ஆனது. மேட்டை ஒட்டி நிற்கும் உயரமான கட்டடங்கள் பருத்தித் தரகர்களுடையவை. மேல்மாடியிலிருந்து தெருவுக்குப் போட்டிருக்கும் சின்ன இரும்புப் பாலங்களில் நின்று, கீழே வண்டிகளில் போகும் பொதிகளைப் பார்த்து விலை பேசினார்கள். எலி விட்னி 1793இல் பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்தைச் செய்தது ஊருக்குச் சற்று மேலே, இதே ஆற்றை ஒட்டிய மல்பெரி குரோவ் தோட்டத்தில்தான். வேலையை எளிதாக்க வந்த அந்த இயந்திரத்தால் பருத்தி நிலம் பெருகியது. நிலம் பெருகப் பெருக அதில் அடிமையாக உழைக்க வைக்கப்பட்டவர்களும் பெருகினார்கள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இந்தத் தெற்குத் துறைமுகங்களை வடக்குப் படை அடைத்ததும், இங்கிலாந்து ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்கவில்லை. அவர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். திருநெல்வேலி, கோயம்புத்தூர்ச் சீமைக் கரிசல் பருத்திக்கு அப்போது ஏறிய விலைக்குக் காரணம் இந்த ஆற்றங்கரையில் பொதிகள் தேங்கிக் கிடந்ததுதான். உன் கொள்ளுப்பாட்டி வீட்டில் பருத்தி விளைந்தது. அதை நினைத்துக்கொண்டு அந்தக் கல் தெருவில் நட.

அங்கே ஆற்றங்கரையில் ஒரு வெண்கலக் குடும்பம் நிற்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டிருப்பார்கள். காலடியில் அறுந்த சங்கிலி கிடக்கும். அடிமைப்பட்டு வந்த ஆப்பிரிக்க மக்களுக்கான இந்தச் சின்னம் பல ஆண்டு வாதாட்டத்துக்குப் பிறகு 2002இல்தான் வந்தது. மிட்டாய்க் கடைகளுக்கு நடுவில் இருப்பதால் கவனிக்காமல் கடந்துவிடுவது சுலபம். நீ கடந்துவிடாதே.

4. பெரிய வீட்டுக்குள் போனால் பின்கட்டைக் கேள். ஓகிள்தார்ப் சதுக்கத்தில் இருக்கும் ஓவன்ஸ்-தாமஸ் வீட்டை இளம் கட்டடக் கலைஞர் வில்லியம் ஜே வடிவமைத்தார். 1819இல் கட்டி முடித்தார்கள். வெளியே போய்த் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்த அந்தக் காலத்திலேயே வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்த மாளிகை அது. என் விருந்தாளிகள் அந்தப் படிக்கட்டையும் கூரை வேலைப்பாட்டையும் பார்த்து மலைப்பார்கள். மலைக்க வேண்டியதுதான். அந்தத் தொட்டிகளையும் குளியலறைகளையும் கழுவியவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டால்தான் வீட்டை முழுதாகப் பார்த்ததாகும். அவர்கள் குடியிருப்பு பின்முற்றத்தில் இன்னும் நிற்கிறது. அதன் உத்தரத்தில் பூசிய நீல வண்ணம் அப்படியே இருக்கிறது. தீய ஆவிகள் அண்டாமல் இருக்க ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் பூசும் நீலம் அது. இப்போது அருங்காட்சியகத்தின் பெயரிலேயே அடிமைக் குடியிருப்பு என்பதையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

ஒருமுறை அங்கே வழிகாட்டியாக இருந்த இளம்பெண், மாளிகைக்குள் நுழையுமுன் எங்கள் குழுவை அந்த நீல உத்தரத்துக்குக் கீழே நிறுத்தி, "மேலே பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள். அதற்குப் பிறகு எந்த ஊர் அரண்மனைக்குப் போனாலும் சமையற்கட்டுக்கு வழி எது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

5. ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் இருக்கும் ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குச் சுற்றுப்பயணிகளாகப் போகிற நேரம் தனியே இருக்கிறது. அந்த நேரத்துக்குப் போ. நாட்டின் மிகப் பழைய கறுப்பினச் சபைகளில் ஒன்று. பகலெல்லாம் எஜமானுக்கு உழைத்துவிட்டு இரவில் வந்து, அடிமைகளாக இருந்தவர்களே கட்டிய கட்டடம். 1859இல் கட்டி முடித்தார்கள். கீழ்த்தளத்தின் மரப்பலகைத் தரையில் வைர வடிவில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பார்த்தால் பூ வேலைப்பாடு என்று தோன்றும். அந்த வடிவம் ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களின் சமயக் குறியோடு ஒத்தது. தப்பி ஓடியவர்களைத் தரைக்கடியில் ஒளித்து வைத்தபோது அவர்கள் மூச்சுவிட அமைத்த துளைகள் அவை என்று சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

அந்தத் தரையில் குனிந்து பார்க்கலாம். ஆனால் ஞாயிறு வழிபாட்டுக்குப் போனால், தொழப் போகிறவளாகப் போ. நம் ஊர்க் கோயிலில் அர்ச்சனை நடக்கும்போது யாராவது கேமராவோடு கருவறை வாசலை மறைத்தால் உனக்கு எப்படி இருக்கும்?

6. துக்கமான இடத்துக்கும் போ. அங்கே பார்க்க எதுவும் இல்லாவிட்டாலும் போ. ஊரின் மேற்கே 1859 மார்ச் 2, 3 தேதிகளில், ஒரு குதிரைப் பந்தயத் திடலில் 400க்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஏலம் விட்டார்கள். பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளியின் கடனை அடைக்க நடந்த ஏலம். இரண்டு நாளும் மழை பெய்தது. அதை அழுகையின் காலம் என்று மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2008இல் அந்தப் பகுதியில் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தார்கள். சுற்றிலும் சாதாரணத் தெருக்கள், சாதாரண வீடுகள். எதிர்பார்ப்போடு போனால் ஏமாந்துவிடுவாய். பலகையைப் படித்துவிட்டு, மனம் பாரமாவதைப் பொறுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நில். அதைத்தான் அந்த இடம் கேட்கிறது.

அன்றே மேடிசன் சதுக்கத்தின் கிரீன்-மெல்ட்ரிம் வீட்டுக்கும் போ. 1864 டிசம்பரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் சவானாவைப் பிடித்து, அதை லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதாகத் தந்தி அடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த மாதம் நடந்தது. 1865 ஜனவரி 12 இரவு, அந்த வீட்டில் கறுப்பினப் போதகர்கள் 20 பேர் ஷெர்மனையும் போர்த்துறைச் செயலரையும் சந்தித்தார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்டார்கள். கூட்டத்தின் சார்பாகப் பேசிய கேரிசன் ஃபிரேசியருக்கு வயது 67. தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். நிலம் வேண்டும், அதில் நாங்களே உழைத்துப் பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கு நாளில் கடற்கரையோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். ஏலம் நடந்த ஊரிலேயே ஆறு ஆண்டில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதும், பதிலைக் கேட்டுக்கொண்டு கைவிட்டார்கள் என்பதும் சேர்ந்துதான் இந்த ஊரின் கதை.

7. ஆற்றைக் கரையிலிருந்து பார்ப்பது போதாது, ஆற்றின்மேலும் போ. ரிவர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹட்சின்சன் தீவுக்குப் போகும் ஃபெரிக்குக் கட்டணம் கிடையாது. இந்த ஆறு இன்றும் வேலை செய்கிற ஆறு. மாடிக் கட்டடங்களை மறைக்கும் உயரத்துக்குக் கன்டெய்னர் அடுக்கிய கப்பல்கள், உனக்குக் கைக்கெட்டும் தூரம்போலத் தோன்றும் அளவுக்கு அருகில் போகும். கரையில் கைக்குட்டை வீசும் ஒரு பெண்ணின் சிலை இருக்கும். ஃபுளோரன்ஸ் மார்ட்டஸ். கலங்கரை விளக்கம் காத்த அண்ணனோடு எல்பா தீவில் வாழ்ந்தவர். 1887லிருந்து 1931 வரை, வந்துபோன கப்பல்களுக்கெல்லாம் பகலில் துணியாலும் இரவில் விளக்காலும் கையசைத்தார். காதலனுக்காகக் காத்திருந்தார் என்று கதை கட்டிவிட்டார்கள். காரணம் எதற்கு? கடலில் வாரக்கணக்கில் கிடந்து வருகிறவனுக்கு ஒரு கையசைப்பு போதும். நீயும் கப்பலைப் பார்த்தால் கையசை.

ஃபெரிகளுக்கு ஊரின் பெண்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று சூசி கிங் டெய்லர். அவரைப் பற்றி உனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். 1848இல் அடிமையாகப் பிறந்தவர். சவானாவில் பாட்டியோடு இருந்தபோது, சுதந்திரமான ஒரு கறுப்பினப் பெண்மணி தன் வீட்டில் மறைவாக நடத்திய பள்ளிக்குப் போனார். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது ஜார்ஜியாவில் சட்டப்படி குற்றம். அதனால் போலீஸ் கண்ணில் படாதபடி புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவார். 1862 ஏப்ரலில் புலாஸ்கி கோட்டை வடக்குப் படையிடம் வீழ்ந்ததும், மாமாவின் குடும்பத்தோடு தப்பி அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார். 14 வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பிறகு கறுப்பின வீரர்களின் படைப்பிரிவோடு இருந்து துணி துவைத்தார், காயத்துக்குக் கட்டுப்போட்டார், வீரர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். போர் முடிந்ததும் சவானாவுக்கே திரும்பி ஒரு பள்ளி திறந்தார். 1902இல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

அடிமை முறையைப் போற்றிப் பேசிய ஜான் கால்ஹூன் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு, 2023இல் நகரமன்றம் சூசியின் பெயரை வைத்தது. அந்தச் சதுக்கத்தின் அடியில் அடிமைகளைப் புதைத்த மண் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டு, மன்றத்தில் காத்துக் கிடந்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள். சூசி புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நடந்த ஊரில் நீ சுதந்திரமாக நடக்கிறாய். அந்தச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதாவது ஒரு புத்தகம் படி.

8. சாப்பாட்டுக்கு முன் கேள், சாப்பிடும்போது பேசு. நீ சைவம். அங்கே கீரையையும் பீன்ஸையும் பன்றி இறைச்சியோடு வேகவைப்பது வழக்கம். சிவப்புச் சோறு என்று தக்காளி போட்டுச் செய்வதிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். முகம் சுளிக்காமல் முன்கூட்டியே கேட்டுக்கொள். சோள ரவைக் கஞ்சி, வெண்டைக்காய் வதக்கல், பிஸ்கட் என்று அவர்கள் சொல்லும் மெத்தென்ற ரொட்டி, இனிப்பான குளிர்ந்த தேநீர் எல்லாம் உனக்குக் கிடைக்கும். வெண்டைக்காயும் இந்தக் கரையின் நெல் விவசாய அறிவும் மேற்கு ஆப்பிரிக்கர்களோடு வந்தவை. வரப்பு கட்டி, ஏற்ற வற்றம் பார்த்து நீர் பாய்ச்சி நெல் விளைவித்தது அடிமைகளின் கை. சாலையோரத்தில் உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை விற்பார்கள். சாப்பிட்டுப் பார். உன் அம்மா சாயங்காலம் செய்வது நினைவுக்கு வரும்.

ஜோன்ஸ் ஸ்ட்ரீட்டில் மிஸஸ் வில்க்ஸ் என்ற சாப்பாட்டு விடுதி 1943லிருந்து நடக்கிறது. ஒரே மேசையில் முன்பின் தெரியாத பத்துப் பேரை உட்கார வைப்பார்கள். கிண்ணங்களைக் கைமாற்றிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். முடிந்ததும் தட்டை நீயே சமையற்கட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவரிடம் கிண்ணத்தை முதலில் நீட்டு. என் எதிரில் ஒருமுறை உட்கார்ந்திருந்த வயதான மனிதர், நான் எதைச் சாப்பிடாமல் ஒதுக்குகிறேன் என்று கவனித்து, வரும் கிண்ணத்தையெல்லாம் முகர்ந்து பார்த்து, "இது உங்களுக்கு ஆகாது, இது ஆகும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். அன்று அவரிடம் கேட்ட கதைகள் எந்த வழிகாட்டியிடமும் கிடைக்கவில்லை.

9. தெருவில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல். தெற்கத்தியர் முன்பின் தெரியாதவரையும் பார்த்துச் சிரிப்பார்கள், நலம் கேட்பார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களிடம் பேசும்போது ஐயா, அம்மா சேர்த்துச் சொல்வது அங்கேயும் உண்டு. உனக்கு அது புதிதல்ல. பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது வேண்டாம். இரவில் பேய்க்கதை சொல்லி அழைத்துப் போகிறவர்கள் உண்டு. ஆசையிருந்தால் போ. ஆனால் பகலில் பெயர் தெரிந்துகொண்ட மனிதர்களை இரவில் பேயாக்கிச் சொன்னால் ரசிக்க மனம் வராது என்பதை முன்பே சொல்லிவைக்கிறேன்.

10. கல்லறைக்குப் போனால் இரண்டுக்கும் போ. வில்மிங்டன் ஆற்றங்கரையில் இருக்கும் பொனவென்ச்சர் கல்லறைத் தோட்டம் பேர்போனது. ஆறு வயதில் நிமோனியாவில் இறந்த கிரேசி வாட்சனின் சிலையைச் சிற்பி ஜான் வால்ஸ் செதுக்கினார். மக்கள் இன்றும் பொம்மை கொண்டுவந்து வைக்கிறார்கள். கவிஞர் கான்ராட் எய்க்கனின் கல்லறை ஒரு பெஞ்ச் வடிவில் இருக்கிறது, வந்தவர் உட்காரட்டும் என்று. உட்காரலாம். அங்கிருந்து ஊருக்குத் திரும்பி, லாரல் குரோவ் தெற்குக்கும் போ. 1853இல் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய இடம். அங்கே கூட்டம் இருக்காது. போதகர்கள், ஆசிரியர்கள், கைவினைஞர்கள் என்று ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் படுத்திருக்கிறார்கள். பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நட.

11. இந்த அழகு தானாக நின்றதல்ல என்று தெரிந்துகொள். 1954இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் கட்டடம் கட்டினார்கள். அடுத்து டேவன்போர்ட் வீட்டையும் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஏழு பெண்கள் சேர்ந்து 1955இல் 22,500 டாலர் திரட்டி அதை வாங்கினார்கள். அங்கே தொடங்கிய இயக்கம்தான் நூற்றுக்கணக்கான வீடுகளைக் காத்தது. எல்லிஸ் சதுக்கமும் 2010இல் மீண்டும் சதுக்கமாகத் திறந்தது.

காப்பாற்றாமல் விட்டதும் உண்டு. கறுப்பின வணிகம் செழித்த வெஸ்ட் பிராட் ஸ்ட்ரீட்டில், நெடுஞ்சாலை மேம்பாலத்துக்காக 1963இல் யூனியன் ரயில் நிலையத்தை இடித்தார்கள். அந்தத் தெருவும் நலிந்தது. இன்று அதற்கு மார்ட்டின் லூதர் கிங் பெயர். அதிலேயே இருக்கும் ரால்ஃப் மார்க் கில்பர்ட் குடிமை உரிமை அருங்காட்சியகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். 1960 மார்ச்சில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடை உணவு மேசைகளில் போய் அமர்ந்து கைதானார்கள். கறுப்பின மக்கள் கடைவீதியையே புறக்கணித்தார்கள். நாடு முழுவதற்குமான சட்டம் 1964இல் வருமுன்பே, 1961இல் சவானாவின் உணவு மேசைகள் எல்லோருக்கும் திறந்தன. அந்தப் போராட்டத்தை நடத்திய டபிள்யூ. டபிள்யூ. லா தபால்காரர். பகலில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார், மாலையில் கூட்டம் நடத்தினார். பின்னாளில் இந்த அருங்காட்சியகம் உருவானதும் அவர் முயற்சியால்தான். எவ்வளவு சின்ன வேலையில் இருந்தாலும் ஒரு ஊரைத் திருத்தலாம் என்பதற்கு நான் உனக்குக் காட்டக்கூடிய ஆள் அவர்.

12. கடலோரத்துக்கு ஒரு நாள் தனியாக வை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் புழுக்கமும் சென்னைக்குக் குறைந்ததல்ல. அசேலியா பூக்கும் மார்ச் கடைசியோ, அக்டோபரோ நல்லது. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் ஊர்வலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், அந்த வாரம் வேண்டாம். டைபி தீவுக்குப் போகும் வழியில் புலாஸ்கி கோட்டை. இரண்டு மீட்டருக்கு மேல் கனமான செங்கல் சுவரை, 1862இல் புதுவகைப் பீரங்கிகள் 30 மணி நேரத்தில் பிளந்துவிட்டன. சுவரில் பதிந்த குண்டுகளை இன்றும் பார்க்கலாம். டைபி கலங்கரை விளக்கத்துக்கு 178 படி. மூச்சு வாங்கினால் நடுவில் நின்று ஏறு. வழியெங்கும் உப்புச் சதுப்பு பொன்பச்சையாக விரிந்து கிடக்கும். ஏற்ற வற்றத்தில் நீர் ஆளுயரத்துக்கு ஏறி இறங்கும். இறங்கிய சேறு திடமானதுபோலத் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டி சொன்னது அங்கே அப்படியே பொருந்தும்.

ஊருக்குத் தெற்கே பின் பாயின்ட் என்ற சிற்றூர். விடுதலை பெற்றவர்கள் 1890களில் வாங்கிக் குடியேறிய இடம். அங்கே 1926லிருந்து 1985 வரை நடந்த சிப்பி, நண்டு தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். வலை பின்னுவதையும் நண்டு உரிப்பதையும் அங்கே விளக்கிச் சொல்கிறார்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. கிளம்புமுன் விசாரித்துக்கொள். போனால் அரைமணியில் ஓடிவராதே, மதியம் முழுக்க வைத்துக்கொள். முன்வாசலில் யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் நீயும் உட்கார்ந்து கேள். திரும்பும்போது அவர்கள் கடையில் எதையாவது வாங்கு, விலை பேசாதே.